லூப்பஸ்: ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, ஆள்தான் நன்றாக இல்லை

வெயில்படாதவள் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். லூப்பஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) என்று உறுதியாகி 14 மாதம். மூட்டும் தோலும்தான், சிறுநீரகத்தில் இதுவரை ஒன்றுமில்லை. எடை 52 கிலோ. ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகள்: ஹைட்ராக்சிகுளோரோகுயின் தினம் 400 மி.கி., மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை 15 மி.கி., வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம் 5 மி.கி., காலையில் பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 7.5 மி.கி.

மூட்டு வீக்கம் வற்றிவிட்டது. ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து "நல்லாயிருக்கே" என்கிறார்கள். என் சந்தேகங்கள் இவை:

1. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. ரிப்போர்ட் சரியாக இருக்கும்போது இது எங்கிருந்து வருகிறது?

2. நோய் மறுபடி கிளம்புகிறதா, தொற்றா, வெறும் அசதியா என்று எப்படிப் பிரிப்பது? எதற்கு உடனே ஓட வேண்டும்?

3. பார்க்க ஆரோக்கியமாகத் தெரிவதால் வீட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, யாரும் நம்புவதில்லை. எப்படிச் சொல்வது?

4. இதே நோய் உள்ளவர்களோடு பேச வேண்டும். சேர்த்துவிடப்பட்ட இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் ஒன்றில் பொடி விற்கிறார்கள், இன்னொன்றில் விடிந்தால் பயமுறுத்தல். நல்ல குழுவை எதை வைத்து அடையாளம் காண்பது?

மாத்திரைப்பெட்டி

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு நீண்டகால உச்ச வரம்பு, உண்மையான எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. 52 கிலோவுக்கு 260 மி.கி. வருகிறது. நீங்கள் எடுப்பது 400, அதாவது கிலோவுக்கு 7.7. ஆரம்ப மாதங்களில் நோயைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றே கூட்டிக் கொடுப்பதுண்டு. பிறகு குறைக்க விட்டுப்போய், அதே சீட்டு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வருவதும் உண்டு. உங்களுடையது எது என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

200 மி.கி. மாத்திரையை வைத்தே கணக்கைச் சரிக்கட்டலாம்: வாரத்தில் ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு. மொத்தம் 1800, ஏழால் வகுத்தால் தினசரி 257. இதை டாக்டர் எழுதித் தரட்டும், நீங்களாகக் குறைக்காதீர்கள். அளவு மிகவும் இறங்கினால் நோய் கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது.

வரம்பு எதற்கு என்றால் கண்ணுக்கு. மருந்து விழித்திரையில் தங்கி மெதுவாகச் சேதப்படுத்தும், வந்த சேதம் திரும்பாது, ஆரம்பத்தில் பார்வையில் ஒன்றுமே தெரியாது. அதனால் தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு அடிப்படைப் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பின் வருடா வருடம். அளவு 5 மி.கி.க்கு மேலே இருந்தாலோ, சிறுநீரகம் மந்தமாக இருந்தாலோ, டமாக்ஸிஃபென் (மார்பகப் புற்றுநோய் மருந்து) எடுத்தாலோ ஐந்து வருடம் காத்திருக்கக் கூடாது. கண்ணாடிக் கடையில் எழுத்து படிக்கச் சொல்லும் சோதனை இதற்கு உதவாது. ஓசிடி ஸ்கேனும் (விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுப்பது) பார்வைப்புலச் சோதனையும் வேண்டும், இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட்டில் ஆளைச் சாய்க்கும் தவறு ஒன்றுதான்: வார மாத்திரையைத் தினமும் போட்டுவிடுவது. 15 மி.கி. என்பது 2.5 மி.கி. மாத்திரை ஆறு. 10 மி.கி. மாத்திரையும் வீட்டில் கிடந்தால் ஆறு எண்ணி 60 மி.கி. போய்விடும். ஒரே அளவு மாத்திரை மட்டும் வாங்குங்கள், அட்டையின் மேலேயே கிழமையை எழுதுங்கள், தினசரி மாத்திரைப் பெட்டியில் இதைக் கலக்காதீர்கள். வாய்ப்புண், தொண்டைப்புண், காரணமில்லாத ரத்தக்கட்டு, காய்ச்சல் வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் அன்றே ரத்த அணுக்கள் எண்ணிக்கையைப் பாருங்கள்.

இன்னொன்று. சிறுநீர்த் தொற்றுக்குப் பக்கத்து கிளினிக்கில் கோட்ரைமாக்ஸசோல் (சல்ஃபா வகை ஆன்டிபயாடிக்) எழுதினால், "மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன், லூப்பஸ் இருக்கிறது" என்று அங்கேயே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை அடிவாங்கும். சல்ஃபா மருந்து லூப்பஸையும் கிளப்பிவிடக்கூடும், ஆக வேண்டாம் என்பதற்கு இரட்டைக் காரணம். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே பேசுங்கள்: மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டு இடைவெளி விட வேண்டும், ஹைட்ராக்சிகுளோரோகுயினை வழக்கமாகத் தொடரச் சொல்வார்கள்.

குறிப்பேடு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மூன்றையும் உணர்வை வைத்துப் பிரிக்க முடியாது, மூன்றிலும் உடம்பு அடித்துப்போட்டதுபோலத்தான் இருக்கும். அளந்து எழுதினால் பிரியும்.

தினமும் இரண்டு நிமிடம், நான்கே விஷயம் போதும்: காலையில் விரல்கள் மடங்க எத்தனை நிமிடம் ஆனது, வீங்கிய மூட்டுகள் எவை, உடல் வெப்பம் (அசதி கூடிய நாளில் மட்டும்), புதிதாகத் தோலிலோ வாயிலோ ஏதாவது. பத்து நிமிட விறைப்பு ஒரு மணி நேரமாகி, அது நாலைந்து நாள் தொடர்ந்தால் அதை அசதி என்று ஒதுக்க முடியாது. வீக்கத்துக்கு எளிய அளவுகோல் மோதிரம்: முந்தின வாரம் மூட்டைத் தாண்டிப் போனது இன்று நிற்கிறதா என்று பாருங்கள். தடிப்பு வந்தால் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, ஜன்னலோரம் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். அப்பாயின்ட்மென்ட் வருவதற்குள் தடிப்பு மறைந்துவிடும், படத்தில் அளவோடு இருக்கும்.

சிறுநீரகம்தான் சத்தமில்லாமல் கெடும் இடம். வலிக்காது. சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பது, காலையில் இமை வீங்குவது, மாலையில் கணுக்காலில் விரல் பதிந்த குழி, ரத்த அழுத்தம் ஏறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ச் சோதனையை விடாதீர்கள். காலை முதல் சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதம் பார்ப்பது நம்பகமானது. 0.5-ஐத் தாண்டினால் மேற்கொண்டு தோண்ட வேண்டும்.

அன்றே போக வேண்டியவை: 38 டிகிரி (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குத்தல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, வலிப்பு, குழப்பம், பேச்சுக் குளறல். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடுமுன் வெப்பத்தை அளந்து எழுதிவிடுங்கள். போட்டுவிட்டுப் போனால் அங்கே அளக்கும்போது ஒன்றும் இருக்காது.

வெயில்படாதவள்

400 தொடக்கத்திலிருந்தே மாறவில்லை. குறைத்தார்களா என்று கேட்கவே தோன்றவில்லை. நன்றி மாத்திரைப்பெட்டி.

குறிப்பேடு, ஒரு துணைக்கேள்வி: சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) நார்மல் என்று வந்தால் நோய் கிளம்பவில்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

குறிப்பேடு

கூடாது. முடக்குவாதக்காரர்களுக்குச் சொல்லும் பாடம் இங்கே அப்படியே பொருந்தாது. லூப்பஸ் நன்றாகக் கிளம்பியிருக்கும்போதும் சிஆர்பி அதிகம் ஏறாமல் இருப்பது வழக்கம். மாறாக, சிஆர்பி எகிறினால் முதலில் தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும் (நெஞ்சு உறையில் நீர், தீவிர மூட்டு அழற்சி இருந்தாலும் ஏறும்). லூப்பஸ் கிளம்புவதைக் காட்டுபவை சி3, சி4 (எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த ரத்தப் புரதங்கள்) இறங்குவது, டிஎஸ்-டிஎன்ஏ எதிர்ப்பொருள் (சொந்த டிஎன்ஏவுக்கு எதிரானது) ஏறுவது, அணுக்கள் எண்ணிக்கை குறைவது, சிறுநீர். ஒரே ரிப்போர்ட்டைப் பார்ப்பதைவிட, கடைசி நான்கை வரிசையாக ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வரம்புக்குள்ளேயே சி3 படிப்படியாக இறங்குவது அப்போதுதான் கண்ணில் படும்.

ஏஎன்ஏ (லூப்பஸைக் கண்டறிய முதலில் பார்க்கும் எதிர்ப்பொருள் சோதனை) ஒருமுறை பாசிட்டிவ் என்று வந்தபின் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் செலவு. அது நோயின் ஏற்ற இறக்கத்தோடு நகராது.

பாதித்தூரம்

அசதிக்கு நான். "லூப்பஸ்னா அப்படித்தான்" என்று யாராவது முடித்துவைத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதலில் சரிசெய்யக்கூடிய காரணங்களைக் கழிக்க வேண்டும்: ஹீமோகுளோபின், இரும்பு, டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை), பி12, வைட்டமின் டி, சர்க்கரை. இதில் இரண்டு பொறி உண்டு. ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) அழற்சி இருக்கும்போது பொய்யாக ஏறி, இரும்புக்குறைவை மறைக்கும், கூடவே டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் அப்படித்தான். காலையில் போடும் பிரெட்னிசோலோன் சர்க்கரையை மதியத்துக்கு மேல்தான் ஏற்றும், வெறும் வயிற்று அளவு சமர்த்தாக நிற்கும். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

தைராய்டு இங்கே கூடவே வரும் விருந்தாளி, ஒரு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவருக்கு இன்னொன்று வருவது சகஜம். குறட்டை, தூக்கத்தில் மூச்சு அடைப்பு, மனச்சோர்வு, ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் நீடிக்கும் வலி நோய்) இவையும் பட்டியலில் இருக்க வேண்டும். மனச்சோர்வைச் சொன்னால் "அப்போ எல்லாம் மனசுதானா" என்று கோபம் வருகிறது சிலருக்கு. அது தனியாகச் சிகிச்சை உள்ள ஒரு நோய், கழிக்காமல் விட்டால் நஷ்டம் நமக்கு.

இதெல்லாம் கழித்த பின்னும் அசதி மிச்சமிருக்கும். அதைச் சமாளிக்கும் முறை இப்படி. ஏழு நாள், அரைமணிக்கு ஒரு கட்டமாக, செய்த வேலையையும் அசதியையும் (0 முதல் 10) எழுதுங்கள். எட்டாவது நாள் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும்: நன்றாக இருந்த நாளில் தேங்கிய வேலையையெல்லாம் முடித்து, அடுத்த இரண்டு நாள் படுத்திருப்பீர்கள். இந்த ஏறி விழும் வடிவத்தை உடைப்பதுதான் குறி. மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவு எதுவோ அதுவே உங்கள் அடிமட்டம். நல்ல நாளில் அதற்குமேல் கொஞ்சம் போகலாம், இரட்டிப்பாகப் போகக் கூடாது. அசதி வருமுன் ஓய்வு: 40 நிமிட வேலை, 10 நிமிடம் கண்மூடிச் சாய்தல். அந்தப் பத்து நிமிடத்தில் போன் பார்த்தால் அது ஓய்வுக் கணக்கில் சேராது.

எந்த வேலை ஆளைச் சாய்க்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தலைக்குக் குளிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு, கைகளைத் தோளுக்குமேல் தூக்கி, சூடான நீராவியில் இருபது நிமிடம், பிறகு ஈரத்தலையோடு மறுபடி கையைத் தூக்கித் துவட்டல். ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரில், முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, முந்தின இரவே முடித்துவிட்டால் காலை மிச்சமாகிறது. இதேபோல் ஒவ்வொரு வேலையிலும் நிற்பதைக் குறை, கை தூக்குவதைக் குறை, சூட்டைக் குறை.

அதற்காகப் படுத்தே இருக்கக் கூடாது. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பான யூலார் அசதிக்கென்றே 2023-இல் வகுத்த பரிந்துரைகளில் உடல் அசைவு முக்கிய இடத்தில் இருக்கிறது. சமதளத்தில் பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். மறுநாள் அசதி ஏறாவிட்டால் வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள், ஏறினால் பழைய அளவுக்கு வந்துவிடுங்கள். வெயில் இறங்கிய பிறகு நடங்கள், உங்கள் பெயரே சொல்கிறதே. பகலில் ஜன்னலோர இருக்கையும் வெயில்தான், சாதாரணக் கண்ணாடி யுவிஏ கதிரைத் தடுக்காது. சன்ஸ்கிரீன் முகம், கழுத்து இரண்டுக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். பொட்டு அளவு தடவிவிட்டு "போட்டும் பலனில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாம்நாற்காலி

வீட்டில் "எனக்கு முடியல" என்று சொன்னால் கேட்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வேலை அங்கேயே கிடக்கும், அதைப் பார்த்துக்கொண்டே எடுக்கும் ரெஸ்ட் ரெஸ்ட்டாகாது. அதனால் கேட்பதை வேலையாக, ஆளாக, கிழமையாகக் கேளுங்கள்: "துணி காயப்போடுவது இனி உங்கள் பொறுப்பு, வாரம் மூன்று நாள், நான் நினைவூட்ட மாட்டேன்." கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். வேலையைக் கொடுத்துவிட்டு நினைவூட்டும் பொறுப்பை நாமே வைத்துக்கொண்டால் பாதிச் சுமை நம்மிடமே இருக்கும்.

கேட்கும் நேரமும் முக்கியம். படுத்துக்கிடக்கும் நாளில் கேட்டால் புலம்பலாகப் போகும். உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும் நாளில், உட்கார்ந்து பேசுங்கள். தினசரி நிலைக்கு ஒரு குறி வைத்துக்கொண்டால் விளக்கம் சொல்லும் வேலையும் மிச்சம்: ஃப்ரிட்ஜ் கதவில் பச்சை, மஞ்சள், சிவப்பு காந்தம். சிவப்பு என்றால் யார் யார் எதை எடுத்துக்கொள்வது என்று முன்பே பேசி முடித்திருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் காந்தம் வெறும் அலங்காரம். நம்பாத ஒருவரை அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அழைத்துப்போய், அவர் முன்னிலையில் "எந்த வேலைகளை நான் தவிர்க்க வேண்டும்?" என்று டாக்டரைக் கேளுங்கள். நாம் நூறு முறை சொன்னதைவிட அது ஏறும்.

ஆபீசில் நோயின் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பெயர் சொன்னதும் எதிராளி தேடிப் பார்ப்பார், முதலில் வருவது மிக மோசமான படங்கள். என்ன முடியாது, எந்த மாற்றம் இருந்தால் முடியும் என்று எழுதுங்கள்: "நீண்டகால மருத்துவ நிலை ஒன்று காரணமாகக் காலையில் கை விறைப்பு இருக்கிறது. வேலை தொடங்கும் நேரம் 9-க்குப் பதில் 10.30 ஆனால் அன்றைய வேலை முழுதும் முடியும். நேரடி வெயில் படாத இருக்கை வேண்டும். மூன்று மாதம் பார்த்து மறுபரிசீலனை செய்யலாம்." மூன்று மாதம் என்று எல்லை போட்டால் ஒப்புக்கொள்வது மேலதிகாரிக்கு எளிது. டாக்டர் கடிதத்திலும் நோய் விவரத்தைவிடச் செயல்வரம்பு எழுதப்பட வேண்டும்: எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம், பரிசோதனைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும். டாக்டர்களுக்கு நேரமிருக்காது. வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள், அவர் திருத்திக் கையெழுத்திடட்டும்.

ஆலமர்

குழு பற்றி. தன்னெதிர்ப்பு நோய்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய குழுவில் சேருங்கள் என்பேன். ஆள் அதிகம், எந்நேரமும் பதில் கிடைக்கும், நோய் எதுவானாலும் அசதி ஒன்றுதானே.

மாத்திரைப்பெட்டி

ஆலமர், மனதுக்கு ஆறுதல் என்ற அளவில் சரி. மருந்துப் பேச்சுக்கு அது ஆபத்து. லூப்பஸ்காரருக்கு டிஎன்எஃப் தடுப்பான்கள் (அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுக்கும் மருந்துகள்) லூப்பஸைக் கிளப்பக்கூடும், அதே மருந்துதான் முடக்குவாதக்காரருக்கு உயிர் தந்தது என்று பக்கத்தில் ஒருவர் எழுதுவார். ஒரே குழுவில் இரண்டும் ஒரே குரலில் ஒலிக்கும்.

சேருமுன் பார்க்க வேண்டியது: கடைசி ஒரு மாதப் பதிவுகளை மேலே தள்ளிப் படியுங்கள். நிர்வாகிகள் யார் என்று வெளியே தெரிகிறதா? விற்பனைப் பதிவு வந்தால் எவ்வளவு நேரத்தில் நீக்கப்படுகிறது? யாராவது "ஸ்டீராய்டை நிறுத்திட்டேன்" என்று எழுதினால் கீழே கைதட்டலா, "டாக்டரிடம் சொன்னீர்களா" என்ற கேள்வியா? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே குழுவின் தரத்தைச் சொல்லிவிடும்.

"மருந்தை விட்டு ஒரு மாதம், நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிவு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் உடம்பை விட்டு வெளியேற மாதக்கணக்கில் ஆகும். ஒரு மாதத்தில் அவர் இன்னும் மருந்தில்தான் இருக்கிறார். நோய் கிளம்பும்போது அவர் குழுவில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

ஸ்டீராய்டு வேறு கதை. உங்களைப்போல் மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவருக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. வாந்தியால் மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால்கூட ஊசி தேவைப்படும், அன்றே போங்கள். பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும்: மருந்தின் பெயர், அளவு, எப்போதிலிருந்து, "திடீரென நிறுத்தக் கூடாது".

பொடி விற்பவர்கள் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்பார்கள். இங்கே சிக்கலே அது தாறுமாறாகக் கூடியிருப்பதுதான். உள்ளடக்கம் எழுதப்படாத பொடி சாப்பிட்டு மூன்றே நாளில் மூட்டுவலி பறந்தால் மகிழாதீர்கள், ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

ஆலமர்

டிஎன்எஃப் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சிறிய குழு எங்கே கிடைக்கும் என்பதற்கு ஒரு வழி: வாதநோய்ப் பிரிவின் நர்ஸையோ, டிரிப் மருந்து ஏற்றும் அறையில் இருப்பவர்களையோ கேளுங்கள். யார் யார் பேசத் தயாராக இருக்கிறார்கள் என்று டாக்டரைவிட அவர்களுக்குத்தான் தெரியும். இருநூறு பேர் குழுவைவிட, உங்களுக்கு ஐந்து வருடம் முன்னால் இதே மருந்தில் இருக்கும் ஒரே ஒருவர் கிடைத்தால் போதும். அவரோடு வாரம் ஒருமுறை, அரைமணி, நேரம் குறித்துப் பேசுங்கள். நேரம் குறிக்காவிட்டால் இருவருக்கும் மோசமான நாட்களில்தான் பேச்சு நடக்கும், கொஞ்ச நாளில் ஒருவர் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிடுவார். குழுவில் ரிப்போர்ட் படம் போடும்போது பெயர், பதிவு எண் இரண்டையும் மறையுங்கள்.

வெயில்படாதவள்

வியாழன் அப்பாயின்ட்மென்ட். எழுதி வைத்துக்கொண்டது: 400-ஐ ஏன் குறைக்கவில்லை, ஓசிடி எப்போது, டிரான்ஸ்ஃபெரின் செறிவு, மதிய சர்க்கரை. ஆபீஸ் கடித வரைவும் தயார். பொடிக் குழுவிலிருந்து வெளியே வந்தாயிற்று.

மாத்திரைப்பெட்டி

பட்டியலில் ஒன்று சேருங்கள்: பிரெட்னிசோலோன் 7.5-ஐ எப்போது 5-க்கு இறக்கலாம். லூப்பஸில் நீண்டகால இலக்கு 5 அல்லது அதற்குக் கீழே. எலும்புக்கு கால்சியம், வைட்டமின் டி தேவையா என்பதையும் அதோடு கேட்டுவிடுங்கள். கண் சோதனை நாளில் நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டே இருப்பது மங்கும். குளிர்கண்ணாடி எடுத்துப் போங்கள்.